அவர் உயிரோடு இருந்திருந்தால்: நீதிபதிகளின் குடும்ப ஓய்வூதியத்தை வாசித்தல்

அப்பா இறந்த இரண்டாவது வருடம், நேர்காணலுக்காக அம்மாவைக் கருவூலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அப்பா ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வராந்தாவில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். எல்லோர் மடியிலும் ஒரு துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட பி.பி.ஓ. புத்தகம். அம்மாவின் முறை வந்தது. அங்கிருந்த ஊழியர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மறுமணம் எதுவும் செஞ்சுக்கலையேம்மா?” என்றார். அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. “இனிமே எவன் தம்பி வருவான்?” என்றாள். வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார்.

திரும்பும்போது பேருந்தில் அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: “உங்கப்பா பதினோரு வருஷம் பென்ஷன் வாங்கினாரு. ஒரு தடவையாவது அவரக் கூப்பிட்டு இப்பிடிக் கேட்டாங்களாடி?”

கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். ஓய்வூதியம் வாங்கும் ஆண், மனைவி இறந்தபின் மறுமணம் செய்தாலும் அவர் ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய் குறையாது. ஓய்வுபெற்ற பிறகு மணந்துகொண்ட மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அது நல்ல தீர்ப்பு. முதுமையில் ஒருவருக்குத் துணை தேவைப்படும் என்பதை அது ஏற்றது. ஆனால் அதே முதுமையில் கணவனை இழந்த பெண் ஒரு துணையைத் தேடிக்கொண்டால், மத்திய அரசின் விதிப்படி, குடும்ப ஓய்வூதியம் அன்றோடு நிற்கும். குழந்தை இல்லாத விதவைக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. அதற்கும் அவளுடைய வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாயையும் அதற்கான அகவிலைப்படியையும் தாண்டக் கூடாது.

அம்மாவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஓய்வூதிய விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் படித்தவளுக்குச் சட்டம் எதற்கு என்று துறையில் கேலி செய்தார்கள். சட்டமும் ஒரு பனுவல்தான். யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்று பார்க்கத் தெரிந்தால் போதும், அதையும் வாசிக்கலாம். படித்துக்கொண்டே மேலே போனேன். சிரஸ்தாரின் மனைவிக்கு இப்படி என்றால் அவருக்கு மேலே மேடையில் உட்கார்ந்திருந்த நீதிபதியின் மனைவிக்கு எப்படி? நாட்டில் எல்லோருடைய ஓய்வூதியத்துக்கும் நியாயம் சொல்கிறவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்ன நியாயம் எழுதப்பட்டிருக்கிறது?

*

ஓய்வுபெற்ற நீதிபதிகளின் ஓய்வூதியத்தில் நியாயம் என்ற பேச்சு அண்மையில் பெரிதாக எழுந்தது. 2025 மே 19 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான மூவர் அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. உயர் நீதிமன்ற நீதிபதி எந்த வழியாக வந்தவராக இருந்தாலும், வழக்கறிஞராக இருந்து வந்தவரோ, மாவட்ட நீதித்துறையிலிருந்து உயர்ந்தவரோ, முழு ஓய்வூதியம் ஒன்றுதான்: நீதிபதிக்கு ஆண்டுக்கு 13.5 லட்சம், தலைமை நீதிபதிக்கு 15 லட்சம். கூடுதல் நீதிபதி, நிரந்தர நீதிபதி என்ற பேதம் கூடாது. மாவட்ட நீதித்துறையில் இருந்தபோது புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது. பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர் கூடுதல் நீதிபதியாக இருந்தாலும், அவர் குடும்பத்துக்குக் குடும்ப ஓய்வூதியமும் பணிக்கொடையும் தர வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ‘கூடுதல்’ என்ற ஒரு அடைமொழியைக் காட்டி, இறந்தவரின் மனைவியை அலுவலகம் அலுவலகமாக அலையவிட முடியும் என்ற நிலையை அந்தத் தீர்ப்பு முடித்துவைத்தது. நீதிபதிகள் தங்கள் ஓய்வூதியத்தைத் தாங்களே விசாரிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறதுதான். ஆனால் அவர்கள் பயன்படுத்திய தர்க்கம் வலுவானது: ஒரே பதவியில் இருந்தவர்களைப் பிறப்பிடம் பார்த்துப் பிரிக்காதே. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, உழைப்பால் ஈட்டிய உரிமை என்று நகாரா வழக்கில் ஐவர் அமர்வு சொன்ன நாள் 1982 டிசம்பர் 17. அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் இன்றும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2025 தீர்ப்பும் அந்த மரபில் வருவதே.

என் விமர்சனம் அந்தத் தர்க்கம் எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியது. நீதிபதிக்கும் நீதிபதிக்கும் இடையே சமத்துவம் வந்துவிட்டது. நீதிபதிக்கும் அவர் மனைவிக்கும் இடையே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

*

உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், பணி நிபந்தனைகளுக்கான சட்டம் 1954ஆம் ஆண்டினுடையது. அதில் 17ஏ என்ற பிரிவு குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுகிறது. அது சொல்வதை என் சொற்களில் தருகிறேன். நீதிபதி இறந்தால், அவர் சம்பளத்தில் பாதி குடும்ப ஓய்வூதியம். இது ஏழு ஆண்டுகளுக்கு, அல்லது அவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 65 வயது நிறையும் நாள் வரைக்கும், இரண்டில் எது முந்தியதோ அதுவரை. அதன்பின் சம்பளத்தில் 30 விழுக்காடு.

இந்த வாக்கியத்தை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவிகளைப் படிக்கச் சொன்னேன். ஒருத்தி எழுந்து, “மேடம், செத்தவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுறாங்களா?” என்று கேட்டாள். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

கணக்கு இதுதான். உயர் நீதிமன்ற நீதிபதியின் மாதச் சம்பளம், 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தில், 2,25,000 ரூபாய். அதில் பாதி 1,12,500. 30 விழுக்காடு என்றால் 67,500. அகவிலைப்படி தனி. உயர் நீதிமன்ற நீதிபதிகள் 62 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். ஓய்வு பெற்ற உடனே ஒருவர் இறந்தால் மனைவிக்கு உயர்ந்த விகிதம் மூன்றே ஆண்டுகள். அவர் 70 வயதில் இறந்தால் முதல் நாளிலிருந்தே 30 விழுக்காடுதான், ஏனென்றால் அந்த 65 எப்போதோ கடந்துவிட்டது. மனைவிக்கு என்ன வயது என்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. நம் ஊர்களில் கணவனைவிட ஐந்து வயது, எட்டு வயது, பத்து வயது இளையவளாகப் பார்த்துக் கட்டிவைப்பது வழக்கம். அந்த வித்தியாசம் முழுவதையும் அவள் குறைந்த விகிதத்தில்தான் வாழ்ந்து தீர்க்க வேண்டும். இறந்தவனின் வயது ஏறிக்கொண்டே போகிறது. இருப்பவளுக்கு வயதே இல்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கான விதியிலும் இதே வாக்கியம்தான் இருக்கிறது. அங்கே 65க்குப் பதில் 67. எண்கள் மாறுகின்றன, இலக்கணம் மாறவில்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை ஊகிப்பது கடினமில்லை. சில ஆண்டுகளில் பிள்ளைகள் தலையெடுத்துவிடுவார்கள், மகன் சம்பாதிப்பான், கிழவிக்கு என்ன செலவு, ஒரு வேளைச் சாப்பாடும் நாலு மாத்திரையும் தானே என்ற எண்ணம். மகனை நம்பி இருக்கும் தாய் என்ற சித்திரம் இல்லாமல் இந்தப் பாதியும் முப்பதும் புரியாது.

ஒரே ஒரு இடத்தில் சட்டம் அவளுடைய வயதைப் பார்க்கிறது. 80 நிறைந்தால் 20 விழுக்காடு கூடுதல், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதானால் இரட்டிப்பு. இது நீதிபதிக்கு மட்டுமின்றிக் குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கும் உண்டு. இந்தக் கூடுதல் தொகை எந்த நாளிலிருந்து என்ற குழப்பத்தைத் தீர்க்க 2021இல் நாடாளுமன்றம் தனியாக ஒரு திருத்தச் சட்டமே கொண்டுவந்தது. எண்பது வயதில்தான் சட்டம் ஒரு பெண்ணுக்கு அவளுக்கென்று ஒரு பிறந்தநாளைத் தருகிறது.

*

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில மூலத்தில் நீதிபதி எங்கும் ‘ஹீ’, சம்பளம் எங்கும் ‘ஹிஸ்’. 1954இல் இந்தியாவின் எந்த உயர் நீதிமன்றத்திலும் ஒரு பெண் நீதிபதி கிடையாது. அன்னா சாண்டி கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது 1959இல். பின்னர் வந்த திருத்தங்களிலும் ஆண்பால் ஆண்பாலாகவே இருந்தது. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் ஆண்பாற் சொல்லில் பெண்பாலும் அடங்கும் என்று சொல்லிவிட்டதால், யாரும் சிரமப்படவில்லை. நான் தமிழில் எழுதும்போது ‘அவர்’ என்று எழுதிக் கடந்துவிடுகிறேன். நம் பலர்பால் மரியாதை என்ற பெயரில் பாலை மறைத்துக்கொடுக்கிறது. அதனால் மேலே நான் தந்த சுருக்கமே மூலத்தைவிடக் கொஞ்சம் நல்லவளாகத் தோன்றும். ஏமாற வேண்டாம்.

நீதிபதி பெண்ணாக இருந்தால்? அவள் கணவனுக்குக் குடும்ப ஓய்வூதியம் போகும். அடித்தவனுக்கும் போகும். விவாகரத்து வழக்கோ குடும்ப வன்முறை வழக்கோ நடந்துகொண்டிருந்தால், கணவனுக்கு முன்னால் பிள்ளைகளின் பெயரைத் தரலாம் என்ற அனுமதியை மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு வழங்கியது 2024 ஜனவரியில்தான். குடும்ப வன்முறைச் சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து. எத்தனை பெண்கள் அதற்குள் தங்களை அடித்தவனுக்குத் தங்கள் உழைப்பின் மிச்சத்தை விட்டுவிட்டு இறந்தார்களோ.

‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு வருவோம். யார் யார் குடும்பம் என்று நீதிபதிகள் சட்டம் தானே சொல்வதில்லை. வழக்கறிஞராக இருந்து வந்தவருக்கு மத்திய அரசின் ‘ஏ’ பிரிவு அதிகாரியின் விதிகளைப் பார் என்கிறது. மற்றவர்களுக்கு அவர்களின் பழைய பணியின் விதிகளைப் பார் என்கிறது. சம்பளம், மருத்துவம், விடுப்பு என்று அத்தனையையும் நீதிபதிகளுக்கெனத் தனியாக எழுதிய சட்டம், வீட்டுக்குள் நுழைந்ததும் வேறொரு புத்தகத்தைக் கைகாட்டிவிடுகிறது.

அந்தப் புத்தகத்தைத் திறந்தால், ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் தாலியைச் சுற்றியே பதிவாகியிருக்கிறது. மனைவி, விதவை, மறுமணம் செய்தவள், மணமாகாத மகள், விதவை மகள், விவாகரத்தான மகள். மகன் என்றால் 25 வயது, வேலை, திருமணம், அத்தோடு முடிந்தது. மகளுக்குத்தான் இத்தனை கட்டங்கள். 25 வயதைக் கடந்த விதவை மகளும் விவாகரத்தான மகளும் 2004இல் உள்ளே வந்தார்கள். மணமாகாத மகள் 2007இல். இந்த விரிவாக்கங்கள் போராடிப் பெற்றவை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. விவாகரத்து வழக்கைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தொடுத்திருக்க வேண்டும்.

வழக்கே போடாதவள்? தமிழில் அவளுக்கு ஒரு கொடூரமான சொல் இருக்கிறது: வாழாவெட்டி. புருஷன் விரட்டிவிட்டான், இவள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், குடும்ப மானம் போகும் என்று யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. நீதிபதி வீட்டில் அந்தக் கூச்சம் இன்னும் அதிகமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஊரார் குடும்ப வழக்குகளைத் தீர்த்தவரின் மகள் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பாள்? இப்படியான பெண் காகிதத்தில் திருமணமானவள். ஆகவே அவளுக்கு எந்தக் கட்டமும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். தமிழ்நாட்டின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களில், 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்த எளிய தொகையில், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. மிக ஏழைத் திட்டத்துக்குத் தெரிந்த பெண்ணை மிக உயர்ந்த பதவியின் விதிக்குத் தெரியவில்லை.

‘குடும்பம்’ யாருடையது என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது. ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் ஒருவர் இறந்தபின் அவர் மனைவி ஒரு மகனைத் தத்தெடுத்தார். இந்து விதவைக்குத் தத்தெடுக்கும் உரிமையை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது. ஆனால் அந்த மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை என்றது நீதிமன்றம். ஊழியர் இறந்த பிறகு மனைவி தத்தெடுத்த பிள்ளை ஊழியரின் குடும்பத்தில் சேராது என்பது காரணம். ஓய்வூதியத்துக்காகவே தத்தெடுப்பார்கள் என்ற அச்சத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இருந்தாலும் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். கணவன் மூச்சு நின்றதும் குடும்பமும் நின்றுவிடுகிறது. மிஞ்சியிருப்பவள் புதிதாக ஒரு குடும்பத்தைத் தொடங்க முடியாது. பிள்ளையைக் கொண்டும் முடியாது, துணையைக் கொண்டும் முடியாது. அந்த அமர்வில் ஒரு பெண் நீதிபதியும் இருந்தார். மேடையில் ஒரு பெண் உட்கார்வது வேறு, விதிப்புத்தகத்தின் எழுவாய் மாறுவது வேறு.

*

இங்கே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். வகுப்பிலும் வந்தது. மாதம் 67,500 ரூபாயும் அகவிலைப்படியும் வாங்கும் அம்மாளுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்? 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். பழைய ஓய்வூதியம் கேட்டு இருபது ஆண்டுகளாகத் தெருவில் நின்றார்கள். நீதிபதிக்கு ‘புதிய திட்டம் பொருந்தாது’ என்று ஒரு தீர்ப்பில் கிடைத்தது, அதே நீதிமன்றத்தின் தட்டச்சருக்குக் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, மேல்படியில் நிற்பவளைப் பற்றி ஏன் பேச்சு?

கேள்வி நியாயமானது. வருத்தப்படச் சொல்லி நான் இதை எழுதவில்லை. மேல்படியில் இருக்கும் விதியும் என் அம்மாவின் விதியும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதைக் காட்டவே எழுதுகிறேன். தொகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இருவரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழைப் பெண்ணுக்குக் கொடுமை நடக்கும்போது அதை வறுமையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். நீதிபதியின் மனைவியிடம் வறுமையும் இல்லை, அறியாமையும் இல்லை. ஆகவே அவள் விஷயத்தில் மிஞ்சுவது எதுவோ அது பெண் என்பதற்கான கணக்கு.

அப்பாவோடு வேலை பார்த்த காலத்தில் அம்மா பல நீதிபதிகளின் வீட்டுப் பெண்களைப் பார்த்திருக்கிறாள். அவர்களில் ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வாள். பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருந்தவர். கணவர் முன்சீபாகத் தொடங்கி மாவட்ட நீதிபதியாகும் வரை ஊர் ஊராக மாற்றல். மூன்றாவது ஊரில் வேலையை விட்டுவிட்டார். ஊருக்கொரு பள்ளியில் பிள்ளைகளுக்கு இடம் பிடிப்பது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இரவு இரண்டு மணி வரை தீர்ப்பு எழுதுகிறவருக்குக் காபி போட்டுத் தருவது. நீதிபதி வீடு என்பதால் அக்கம்பக்கத்தில் யாரோடும் நெருங்கிப் பழகவும் முடியாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட ‘நாளைக்கு இவங்க வழக்கு வந்தா?’ என்று யோசிக்க வேண்டும். நீதியின் நடுநிலை என்று நாம் புகழ்வதில் அந்த அம்மாளின் தனிமையும் கலந்திருக்கிறது. “அவரு ஜட்ஜா இருந்தாரு, இந்தம்மா ஜெயில்ல இருந்தாங்க” என்பாள் அம்மா.

நீதிபதிகளுக்கு நல்ல ஓய்வூதியம் ஏன் வேண்டும் என்று கேட்டால், நீதித்துறையின் சுதந்திரத்துக்காக என்று பதில் வரும். யாரிடமும் கைநீட்டாமல் வாழ முடிந்தால்தான் அச்சமின்றித் தீர்ப்புச் சொல்ல முடியும். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். யாரிடமும் கைநீட்டாமல் வாழ வேண்டும் என்ற தேவை அந்த வீட்டின் இன்னொரு ஆளுக்கும் உண்டுதானே?

இதற்கான சட்டத் தர்க்கத்தை நாம் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பளித்தார். வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் கணவன் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றார். அதற்கு முன், 2021 ஜனவரியில், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் நீதிபதி என்.வி. ரமணா இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று விரிவாக எழுதினார். இப்போது இரண்டு கூற்றுகளை அடுத்தடுத்து வையுங்கள். ஓய்வூதியம் உழைப்பால் ஈட்டிய உரிமை. அந்த உழைப்பில் மனைவியின் உழைப்பும் உண்டு. மூன்றாவது கூற்று தானாக வந்து விழுகிறது: குடும்ப ஓய்வூதியம் அவளும் சேர்ந்து ஈட்டியது.

அப்படி ஒப்புக்கொண்டால், விதியில் மூன்று இடங்கள் நிற்காது. இறந்தவரின் கற்பனைப் பிறந்தநாளில் தொகையைக் குறைப்பது நிற்காது. ஈட்டியது ஒருவருடைய வயதோடு தேய்ந்துபோகாது. மறுமணத்தில் நிறுத்துவது நிற்காது. சொந்தமாக ஈட்டியதற்குக் கற்புச் சான்றிதழ் கேட்பதில்லை. மகளின் தாலியைச் சோதிப்பதும் நிற்காது. அவளுக்கு வருமானம் இருக்கிறதா, அவள் பெற்றோரைச் சார்ந்திருந்தாளா என்பது மட்டும் போதும். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். ஒரு பதவி, ஒரு ஓய்வூதியம் என்று சொன்னபோதும் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். சமத்துவம் முதலில் வந்தது, கணக்கு பின்னால் வந்தது.

சட்டத்தை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். விதிகளை மாற்ற வேண்டியவை அரசுகள். ஆனால் நீதிபதிகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கூடுதலுக்கும் நிரந்தரத்துக்கும் இடையிலான கோட்டை அழிக்கத் தெரிந்தவர்கள், தங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் கோட்டையும் பார்க்கலாம். அது அழிந்தால் என் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சு வரைக்கும் அழியும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த விடுமுறையில் வீட்டில் பாட்டியோ அத்தையோ குடும்ப ஓய்வூதியம் வாங்கினால், அவர்களுடைய பி.பி.ஓ. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதியில் தொகை குறைந்தது, அந்தத் தேதி யாருடைய வயதை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த வேலைக்குப் பின்னால் அவர்கள் செய்த வேலை என்னவென்றும் கேளுங்கள். அது அந்தப் புத்தகத்தில் இருக்காது.